வலிக்குதா என்று கேட்காதீர்கள்

ஜூன் 3, செவ்வாய்

வலது கால் வீங்கியிருக்கிறது. காலையில் செருப்புக்குள் நுழையமாட்டேன் என்றது. எங்கும் இடித்துக்கொள்ளவில்லை, வழுக்கி விழவில்லை. வலியும் இல்லை. "வண்டியில இருந்து எறங்கறப்பப் பெரட்டியிருப்பே" என்கிறார் என் வீட்டுக்காரர். பிரட்டியிருந்தால் எனக்குத் தெரியாதா? கால் என்னுடையதா, அவருடையதா?

கடைசியில் அவருடைய ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனேன். பரிசலுக்குள் காலை விட்ட மாதிரி இருந்தது.

'உடுமலையில் பெண்களுக்குப் பெண்ணே கார் கற்றுத்தரும் பள்ளி' என்று போர்டு எழுதி வைத்திருக்கிறார். கற்றுத்தருவது நான். போர்டுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பது அவர். கேட்டால், ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலையெல்லாம் யார் பார்ப்பது என்பார்.

காலை முதல் வகுப்பு ஜெயசுதா டீச்சர். திருமூர்த்தி மலை அடிவாரத்தில் ஒரு பள்ளிக்கு மாற்றலாகிவிட்டது. பஸ்ஸை நம்பினால் மணி அடித்த பிறகுதான் போய்ச் சேர முடிகிறது என்று கார் கற்றுக்கொள்ள வருகிறார். கிளட்சைச் சூடுபட்ட பாத்திரத்தைக் கீழே போடுவது போல விடுகிறார். நானும் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். "சரிங்க மேடம்" என்கிறார், மறுபடியும் போடுகிறார்.

ஜூன் 5

கடைவீதி டாக்டரிடம் போனோம். காலைப் பார்த்தார். யூரிக் ஆசிட் என்று மாத்திரை கொடுத்தார். "வலிக்குதா?" "இல்லைங்க." "வலிக்கணுமே" என்றார். நான் என்ன செய்ய?

சர்க்கரை எவ்வளவு என்றும் கேட்டார். வீட்டில் இவர் கேட்கிறார், போனில் மகள் கேட்கிறாள், பூக்காரம்மா கூடக் கேட்கிறார். எனக்குச் சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிறது. மாத்திரை போடுகிறேன். அப்பப்போ மறக்கிறேன். எல்லாரும்தான் மறக்கிறார்கள்.

ஜூன் 9, திங்கள்

இன்று நடந்ததை எழுதினால்தான் எனக்குத் தூக்கம் வரும். அவ்வளவு எரிச்சல்.

ஜெயசுதா டீச்சரைத் தளி ரோட்டில் ஓட்டவிட்டிருந்தேன். இளநீர்க் கடை பக்கம் ஒரு டிவிஎஸ் குறுக்கே வந்தது. "பிரேக், பிரேக்!" என்றேன். அவர் பதறி ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார். அது புதிதல்ல, கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லாருமே ஒரு நாளாவது அப்படி மிதிப்பார்கள். அதற்காகத்தான் நான் உட்காரும் இடது பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் வைத்திருக்கிறது. நான் பிரேக்கை மிதித்தேன். நன்றாகவே மிதித்தேன். வண்டி நிற்கவில்லை.

நேராகப் போய் இளநீர்க் குவியலில் ஏறியது. கடைக்காரப் பெரியவர் அரிவாளோடு எகிறிக் குதித்தார். அவர் மட்டும் ஒரு நொடி தாமதித்திருந்தால்... வேண்டாம். காய்கள் ரோடு முழுக்க உருண்டன. கூட்டம் கூடிவிட்டது.

நான் இறங்கி டீச்சரைப் பார்த்துக் கத்தினேன். "பிரேக் எது, ஆக்சிலேட்டர் எதுன்னு தெரியாதவங்கெல்லாம் எதுக்கு வண்டி ஓட்ட வரணும்? இன்னிக்கு ஒரு உசுரு போயிருக்கும் உங்களால!"

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. "மாத்தி மிதிச்சுட்டனுங்க மேடம். நீங்க மிதிப்பீங்கன்னு..." என்று ஆரம்பித்தார்.

"நான் மிதிச்சேன். வண்டி நிக்கல. நீங்க ஆக்சிலேட்டர அப்படி அழுத்துனா எப்படி நிக்கும்?"

கூட்டத்தில் அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அப்பா ஒருவர் நின்றிருந்தார் போல. "டீச்சர், வாங்க, பஸ் ஏத்தி விடறேன்" என்று அழைத்துக்கொண்டு போனார். டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் வந்து பெரியவரைச் சமாதானம் செய்து, என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். படி ஏறும்போது கேட்டார், "ஒத்தச் செருப்போட வர்றே? இன்னொண்ணு எங்கே?"

குனிந்து பார்த்தேன். வலது கால் வெறுங்காலாக இருந்தது. கூட்டத்தில் எங்கோ கழன்றிருக்கும். அந்தப் பரிசல் செருப்பு கழலாமல் என்ன செய்யும்?

பிரேக் கேபிள் தளர்ந்திருக்க வேண்டும். நாளைக்கே மெக்கானிக் அன்வரைக் கூப்பிட வேண்டும்.

ஜூன் 10

அன்வர் வந்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தான். என் சீட்டில் உட்கார்ந்து மிதித்துப் பார்த்தான். "பிரேக் கல்லு மாதிரி நிக்குதுங்க்கா. ஒரு கொறையும் இல்ல" என்றான். பிறகு குனிந்து எதையோ இழுத்தான். "இது உங்களுதாங்க்கா? பெடல் பக்கம் மடங்கிக் கெடந்துச்சு."

இவருடைய ரப்பர் செருப்பு.

"அது கெடக்கட்டும், கேபிள மாத்து" என்றேன்.

"நல்லா இருக்கறத எதுக்குங்க்கா மாத்தணும்?"

"மாத்துன்னா மாத்து."

இந்தக் காலத்தில் ஒரு வேலையைச் சொன்னால் யார் எதிர்க் கேள்வி கேட்காமல் செய்கிறார்கள்?

டீச்சர் இன்று வகுப்புக்கு வரவில்லை.

ஜூன் 14

மாத்திரை தீர்ந்தது. வீக்கம் தீரவில்லை. சாயந்திரம் தேங்காயெண்ணெய் தடவிவிட உட்கார்ந்த என் வீட்டுக்காரர், இரண்டு பாதத்திலும் மாறி மாறிக் கை வைத்துப் பார்த்தார். "ஒரு காலு பச்சத்தண்ணி, ஒரு காலு அடுப்பு. இது யூரிக் ஆசிட் இல்ல சாந்தாமணி. கோயமுத்தூருக்குப் போலாம்."

முழுப்பெயர் சொல்லி அழைக்கிறார் என்றால் மறுத்துப் பயனில்லை.

ஜூன் 17, செவ்வாய்

கோயமுத்தூர். பாதத்துக்கென்று தனியாக ஒரு டாக்டர் இருப்பது எனக்கு இன்றுதான் தெரியும். டாக்டர் ஹேமப்பிரபா. என் மகள் வயதுதான் இருக்கும். முதல் கேள்வியே "வலிக்குதாம்மா?" இந்தக் கேள்வியைக் கேட்காத டாக்டருக்கு நான் கோயில் கட்டுவேன்.

என்னைப் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொன்னார். தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை வைத்திருந்தார். "இதால பாதத்துல தொடுவேன். தொடும்போதெல்லாம் 'ம்' சொல்லுங்க."

நான் காத்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம். பக்கத்தில் பேனா எழுதும் சத்தம் கேட்டது. பொறுமை போய், "ஆரம்பிக்கலீங்களா?" என்று கேட்டேன்.

"முடிச்சிட்டேம்மா" என்றார்.

அந்தப் பெண் ரொம்ப மெதுவாகத் தொட்டிருக்கும்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். அதை வெளிச்சத்தில் காட்டி விளக்கினார். பாதத்தின் நடுவில் சின்னச் சின்ன எலும்புகள் அடுக்கி வைத்த மாதிரி இருக்கின்றன. எனக்கு அங்கே மூட்டு கழன்று, இரண்டு மூன்று எலும்பு உடைந்தும் கரைந்தும் இருக்கிறதாம். ஷார்கோ பாதம் என்று பேராம். சர்க்கரை பல வருஷம் நரம்பைத் தின்றுவிட்டதால் உடைந்தது எனக்குத் தெரியவில்லை, தெரியாததால் அதன் மேலேயே நடந்துகொண்டிருக்கிறேன், நடக்க நடக்க இன்னும் உடைகிறது.

"வலிக்கவே இல்லீங்களே டாக்டர். எப்படி உடைஞ்சிருக்கும்?"

"வலிச்சிருந்தா நீங்களே உக்காந்திருப்பீங்கம்மா. வலிக்காததுதான் வியாதி."

முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு. காலைத் தரையில் ஊன்றவே கூடாது. வாக்கர் பிடித்து ஒற்றைக்கால். மூன்று மாதம், இல்லையென்றால் கூடவும் ஆகலாம். 

"என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார்.

"டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்கோமுங்க."

"நல்லதா போச்சு. ஆபீஸ்ல காலைத் தூக்கி ஸ்டூல்ல வெச்சுட்டு உக்காந்துக்கலாம்."

"சரிங்க" என்றேன். இவர் என்னைப் பார்த்தார். நான் எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 18

ஒற்றைக்காலில் பாத்ரூம் போவது எப்படி என்று எழுதி வைக்கும் அளவுக்கு என் நிலைமை மோசமாகவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

விசாரிக்க வருகிறவர்கள் தொல்லை. நாத்தனார் ஒரு பை ஆவாரம்பூ கொண்டு வந்தார். மாடி வீட்டம்மா பாகற்காய்ச் சாறு. எதிர்வீட்டுக்காரர் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார், அதில் ஒருவர் வெந்தயத்தைப் பற்றி மூச்சுவிடாமல் பேசுகிறார். எல்லாரும் போகும்போது மறக்காமல், "வலி எப்படி இருக்கு?" என்கிறார்கள். இல்லை என்றால் முகம் வாடுகிறது. பாவம், பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள். கடைசியாக வந்தவரிடம் "இருக்குதுங்க, கொஞ்சம்" என்று சொல்லிவிட்டேன். திருப்தியாகப் போனார்.

இப்போது வகுப்பெடுப்பது இவர். ஜன்னல் வழியாகக் கேட்கிறேன். "கிளட்ச்ச விடும்மா. இல்ல, விடாத. கொஞ்சம் விடு. ஏன் விட்டே?" கடவுளே.

அரிசிம்பருப்பு சாதமும் அவர்தான் செய்கிறார். காலை, மதியம், ராத்திரி எல்லாம் அதே. சர்க்கரைக்காரிக்குச் சோறு இத்தனை ஆகாது என்று சொன்னால், "அப்ப நீ எந்திரிச்சு வந்து செய்யி" என்கிறார். பிறகு நாக்கைக் கடித்துக்கொள்கிறார்.

ஜூலை 4

கட்டை மாற்றிப் புதிதாகப் போட்டார்கள். வீக்கம் இறங்கியிருக்கிறது. சின்னத் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் இரண்டு பாதத்தின் சூட்டையும் அளந்தார் டாக்டர். வித்தியாசம் குறைந்திருக்கிறதாம். "சமத்தா இருக்கீங்க" என்றார். எனக்குப் பேரன் பேத்தி எடுக்கிற வயது.

ஜூலை 8

இவர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய்விட்டார். அடுப்பில் பால் பொங்கியது. வாக்கர் சமையலறை வாசலில் நுழையாது. பாலைப் பொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியுமா? நாலு எட்டு. அவ்வளவுதான். கட்டு கல் மாதிரி இருக்கிறது. வலிக்கவும் இல்லை.

ஜூலை 11

துணி காயப்போட்டேன். இவர் போட்டால் சட்டை சுருங்கியே காய்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

வெயில் நன்றாக அடிக்கிறது, வத்தல் மிளகாய் மூட்டையோடு கிடக்கிறது. பூசணம் பிடித்தால் யார் பொறுப்பு? இவர் தூங்கும்போது மொட்டை மாடிக்குப் போய்ப் பரப்பிவிட்டு வந்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன். இப்போது கால் நன்றாகவே இருக்கிறது. கட்டைப் பிரித்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

ஜூலை 18, வெள்ளி

டாக்டர் கட்டை வெட்டுவதற்கு முன் என் காலைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தார். அதில் விரிசல். விரிசலுக்குள் நகத்தை விட்டு எதையோ நோண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"இது என்னங்கம்மா?"

மிளகாய் விதை.

"காலைக் கீழயே வைக்கலைன்னு சொன்னீங்க. மொளகா உங்க கட்டிலுக்கு வந்துச்சா?"

இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு விதைக்கு இவ்வளவா? ஆனால் புது எக்ஸ்ரேயைப் பழைய எக்ஸ்ரேக்குப் பக்கத்தில் மாட்டினார். படிக்கத் தெரியாதவளுக்கும் தெரியும். போன தடவை வளைவாக இருந்த இடம் இப்போது சரிந்து இறங்கியிருந்தது.

"இது திரும்ப மேல போகாதும்மா" என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

"நான் சொல்றது உங்களுக்கு நம்பிக்கை வரல. உங்க வீட்டுக்காரர் பாக்கட்டும்" என்று இவரைப் பக்கத்தில் அழைத்தார். என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டார். "விரல் இப்ப மேல இருக்கா, கீழ இருக்கா? சொல்லிட்டே வாங்க."

இதென்ன பெரிய பரீட்சை? என் கால், என் விரல். மேல, மேல, கீழ, மேல, கீழ என்று டக் டக்கென்று சொன்னேன். கண்ணைத் திறந்தபோது டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார். இவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

 பொள்ளாச்சி தாண்டியதும் இவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார், "பாதிக்கு மேல தப்புச் சொன்னே, சாந்தா. அந்தம்மா விரல அசைக்காமப் புடிச்சிட்டு இருந்தப்பவும் மேல கீழன்னு சொல்லிட்டிருந்தே."

ஜூலை 19

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 21

அன்வர் ஆயில் மாற்ற வந்தான். ஜன்னல் பக்கம் கூப்பிட்டுக் கேட்டேன். "அன்னிக்கு மாத்துனியே, அந்தப் பழைய கேபிள் எப்படி இருந்துச்சு?"

"புதுசு கணக்காத்தான் இருந்துச்சுங்க்கா. நீங்க சத்தம் போட்டீங்கன்னு மாத்துனேன்."

"அந்தச் செருப்பு, எந்தப் பெடல்கிட்ட கெடந்துச்சு?"

"கிளட்ச் பெடலுக்கு அந்தப் பக்கம், ஓரத்துல. பிரேக்குக்கிட்ட இல்லீங்க்கா." சொல்லிவிட்டு என் கட்டுப்போட்ட காலைப் பார்த்தான். பார்த்ததும் வண்டிப் பக்கம் போய்விட்டான்.

மத்தியானம் ஜெயசுதா டீச்சருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. சாயந்திரமும் எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்து வேலையாக இருப்பார்.

ஜூலை 23

எடுக்கவில்லை. "அந்த டீச்சரு ஏன் வர்றதில்ல?" என்று இவரிடம் கேட்டேன், சாதாரணமாகக் கேட்பது போல.

"உனக்குத் தெரியாதா? அன்னிக்கே நிறுத்திட்டாங்க. 'எங்கையில வண்டி குடுத்தா யாராச்சும் செத்துருவாங்க'ன்னு சொல்லி அழுதுச்சாம். பழையபடி பஸ்சுதான். எச்சமுக்கிட்டத் தெனமும் பேச்சு வாங்குதாம்."

"எச்சம் இல்லீங்க, ஹெச்.எம்." என்று திருத்தினேன். 

ஜூலை 27, ஞாயிறு

"டீச்சர் வீட்டுக்கு என்னையக் கூட்டிட்டுப் போங்க" என்றேன். இவர் ஏன் என்று கேட்கவில்லை. வண்டியைத் திருப்பி நிறுத்தினார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் தத்தித் தத்தி ஏறினேன்.

அவர்கள் வீடு படிகள் நிறைந்த வீடு. என்னால் ஏற முடியாது. நான் வண்டியிலேயே இருந்தேன், இவர் போய்ச் சொன்னார். டீச்சர் வெளியே வந்தார், ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே. என் காலைப் பார்த்ததும் பதறி, "ஐயோ மேடம், என்னாச்சுங்க? அன்னிக்கு அடிபட்டதுங்களா? என்னாலயா?" என்றார்.

அதைக் கேட்டபிறகு சுற்றி வளைத்துப் பேச வாய் வரவில்லை.

"உங்களால இல்லீங்க டீச்சர். அன்னிக்கு எதுவுமே உங்களால இல்ல. கத்துக்க வர்றவங்க மாத்தித்தான் மிதிப்பாங்க. அதுக்குத்தான் என் பக்கம் ஒரு பிரேக். நான் பிரேக்க மிதிக்கல. மிதிக்கறதா நெனச்சேன். செருப்பு கழண்டு, காலு வேற எங்கயோ வெத்துத் தரைய மிதிச்சிட்டு இருந்திருக்கு. எனக்குத் தெரியல. காலு செத்துப்போச்சுங்க டீச்சர்."

டீச்சர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எப்பத் தெரிஞ்சுதுங்க உங்களுக்கு?"

"இப்பத்தான். ஒரு வாரமா."

"செருப்பு கழண்டது?"

நான் என் கட்டைப் பார்த்தேன்.

"அது அன்னிக்கே தெரியுமில்லீங்களா?" அவர் குரல் உயரவில்லை. "அத்தன பேரு முன்னால என்னைய உசுர எடுக்க வந்தவன்னு சொன்னீங்க. எம் ஸ்கூல் பசங்களோட அப்பா நின்னுட்டிருந்தாரு. வீட்டுல இவரு 'நாந்தான் சொன்னேனே, உனக்கெதுக்கு இந்த வேலை'ன்னாரு. தூக்கத்துல அந்தப் பெரியவர் முகம் வருதுங்க மேடம். இன்னைக்கும் வருது. ஒரு போன் போட்டு, 'எனக்கும் சந்தேகமா இருக்குது டீச்சர்'னு சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

"சொல்லியிருக்கணும்."

"அடுப்புல வேலை கெடக்குதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். காபி குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

திரும்பும் வழியில் இவர், "சொன்னியே, அது போதும்" என்றார்.

போதாது என்று அவருக்கும் தெரியும். எதற்கு இந்தப் பேச்சு?

ஆகஸ்ட் 2

காலைக் கீழே வைக்கவில்லை. பால் பொங்கினால் பொங்கட்டும்.

ஆகஸ்ட் 12

பொங்கியது. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அடுப்பெல்லாம் பால். இவர் வந்து துடைத்தார். நன்றாகத் துடைக்கவில்லை.

ஆகஸ்ட் 29

கட்டு மாற்றினார்கள். கட்டின் அடிப்பக்கம் வெள்ளையாக, புத்தம் புதிதாக இருந்தது. டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னைப் புகழவில்லை. புகழ்வார் என்று நான் எதிர்பார்த்தேன் என்பது எனக்கே வெட்கம்.

செப்டம்பர் 20

கட்டுக்குள் அரிப்பு மட்டும் முழங்கால் பக்கம் தெரிகிறது. அங்கே இன்னும் உயிர் இருக்கிறது. சந்தோஷப்படுவதா சொறிவதா? சொறிய முடியாது.

இப்போது மாத்திரை மறப்பதில்லை. மகள் போனில் அலாரம் வைத்துக் கொடுத்திருக்கிறாள். ஒரு சினிமாப் பாட்டு. ஒரு நாளைக்கு இரண்டு முறை கத்துகிறது. எனக்கு அந்தப் பாட்டே வெறுத்துவிட்டது.

அக்டோபர் 17, வெள்ளி

கட்டைப் பிரித்துவிட்டார்கள். இரண்டு பாதத்தின் சூடும் ஒன்றாகிவிட்டது, எலும்புகள் ஒட்டிக்கொண்டுவிட்டன, ஆனால் சரிந்தபடியே. உள்ளங்காலில் குழி இருக்க வேண்டிய இடத்தில் மேடு. பாதம் தோணியின் அடிப்பாகம் போல இருக்கிறது. மெலிந்து, தோல் உரிந்து, யாருடைய காலோ மாதிரி. தடவிப் பார்த்தேன். என் கைக்குக் கால் தெரிகிறது. காலுக்குக் கை தெரியவில்லை.

இனிமேல் அளவெடுத்துச் செய்த தனி பூட்ஸ்தான். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. தினமும் கண்ணாடி வைத்து இரண்டு உள்ளங்காலையும் பார்க்க வேண்டும். அந்த மேட்டில் புண் வந்தால் காலையே எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்னார். இடது காலுக்கும் இதே வரலாமாம். சூடு, வீக்கம் தெரிந்தால் அன்றைக்கே ஓடி வரச் சொன்னார்.

எல்லாம் சொல்லிவிட்டு, "இனி மெதுவா வேலைக்குப் போக ஆரம்பிக்கலாம்" என்றார். சிரித்தார். "ஆபீஸ்தானே?"

 இவர் நாற்காலியின் கையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அப்படியே 'ஆமாங்க' என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். கையில் டாக்டர் வாயாலேயே வந்த உத்தரவு. வீடு வந்ததும் போர்டில் இருப்பது மாதிரியே பெண்ணே கற்றுத்தரலாம்.

"ஆபீஸ் இல்லீங்க டாக்டர்" என்றேன். "வண்டியில பக்கத்துல உக்காந்து சொல்லித் தர்றது. என் பக்கமும் பிரேக் இருக்கும். அத மிதிக்கறது இந்தக் காலுதான்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "எப்ப இருந்தும்மா?"

"ரொம்ப வருசமுங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா வேண்டாம்னு சொல்லுவீங்க."

"ஆமா" என்றார். "வேண்டாம்."

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. வெளியே வந்து பூட்ஸுக்கு அளவு கொடுத்தோம். அளவெடுத்தவர் "டைட்டா இருந்தா சொல்லுங்கம்மா" என்றார். எனக்கு எப்படித் தெரியும் என்று அவரிடம் சண்டை போட்டேன். பாவம் அவர்.

அக்டோபர் 22

ஜெயசுதா டீச்சர் வந்தார். நான் ஆபீஸ் நாற்காலியில், ஸ்டூலில் காலை வைத்து உட்கார்ந்திருந்தேன். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"என் எல்.எல்.ஆர். அடுத்த மாசம் முடியுதுங்க. மறுபடி ஆரம்பிச்சிரலாம்னு. டவுன்ல வேற ரெண்டு எடத்துல கேட்டேன், எல்லாம் ஆம்பளைங்க. வீட்டுல இவரு ஒத்துக்க மாட்டேங்கறாரு."

"இப்ப இங்கயும் எங்க வீட்டுக்காரர்தானுங்க சொல்லித் தர்றாரு."

"தெரியும். போன வாரம் உங்க வண்டி ஜன்னல் வழியாக் கேட்டேன், பஸ் ஸ்டாப்புல நின்னுட்டு. அவரு சொல்றது ஒண்ணும் புரியலீங்க." வாசலில் நின்ற வண்டியைக் காட்டினார். "நீங்க பின்னால உக்காந்து சொல்லுங்க. மிதிக்கறது அவரு மிதிக்கட்டும்."

மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. காலை முதல் வகுப்பு என்று முடிவானது. உள்ளே இருந்து இவர், "நான் சொல்றதுல என்ன புரியல?" என்று கேட்டார். நான் நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

நவம்பர் 2, ஞாயிறு

மழை விட்டிருந்தது. தளி ரோடு வேண்டாம் என்றேன். டீச்சர் தளி ரோட்டுக்கே திருப்பினார். யாரைக் கேட்டும் திருப்பவில்லை.

இவர் என் சீட்டில். நான் அவருக்குப் பின்னால், புது பூட்ஸோடு. நான் சொல்ல, டீச்சர் ஓட்ட, ஒரு வாரமாக ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. இளநீர்க் கடையைக் கடந்தோம். பெரியவர் ஏதோ சீவிக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை. டீச்சரின் கழுத்து மட்டும் விறைத்துப்போய் இருந்தது. பின்னாலிருந்து பார்க்கும் எனக்குத் தெரிந்தது.

வளைவில் எதிரே டவுன் பஸ் ஒன்று நடு ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. அதற்கு முன்னால் ஆடுகள். "பிரேக்!" என்று நான் கத்துவதற்குள் வண்டி நின்றிருந்தது. குலுங்கவில்லை, அணையவுமில்லை. இவர் மிதிக்கவில்லை. அவர் இன்னும் ஆடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். டீச்சரேதான் நிறுத்தியிருந்தார்.

 ஆடுகள் போயின. பஸ் ஹாரன் அடித்தது.

"சாந்தா," என்றார் இவர், முன்னால் நெளிந்துகொண்டு, "முதுகுல இப்படி உதைக்கறியே, கொஞ்சம் எடு."

"நான் எங்க உதைச்சேன்?"

குனிந்து பார்த்தேன். என் வலது பூட்ஸ் அவர் சீட்டின் முதுகில் புதைந்துபோய் இருந்தது. வண்டி நின்ற பிறகும் அழுத்திக்கொண்டேயிருந்தது. விடு என்று சொன்னால் விடுகிறதா இல்லையா என்றும் தெரியவில்லை. கடைசியில் முழங்காலுக்குக் கீழே இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கித் தரையில் இறக்கி வைத்தேன். வைத்த பிறகும் ஒரு கையை அதன் மேலேயே வைத்திருந்தேன்.

டீச்சர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "போலாமுங்களா மேடம்?"

"எங்கிட்ட என்ன கேள்வி?" என்றேன். "ரோட்டப் பாத்து ஓட்டுங்க."